மஞ்சள் சிவந்த வெள்ளிக்கிழமை

என் வீட்டுக் கட்டிலில் இதுவரை வெள்ளை விரிப்பு விரித்ததில்லை. கல்யாணமான புதிதில் யாரோ பரிசாகக் கொடுத்த ஒன்றைக்கூடக் காப்பிக்கொட்டை நிறத்தில் சாயம் தோய்த்த பிறகுதான் எடுத்துப் போட்டேன். ஏன் என்று கேட்பவர்களிடம், அழுக்கு தெரியும், துவைத்து மாளாது என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். உண்மைக் காரணம் வேறு. வெள்ளை விரிப்பைக் கண்டால் இந்த வயதிலும் பின்வாங்கிவிடுகிறேன். கைகள் இரண்டும் என்னைக் கேட்காமலே முதுகுக்குப் பின்னால் போய் ஒளியப் பார்க்கின்றன.

நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த வருஷம் அது. நாங்கள் துடியலூரில் குடியிருந்தோம். அப்பா கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலையில் குமாஸ்தா. தினமும் சைக்கிளில் போய்த் திரும்புவார். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் கடைசித் தங்கையான சின்ன அத்தை, அவ்வளவுதான். தாத்தாவும் பாட்டியும் நான் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால், சின்ன அத்தைக்கு ஓர் இடம் பார்த்துக் கொடுக்கும் பொறுப்பு அப்பாவின் தலையில் விழுந்திருந்தது. அப்பா பொறுப்பை எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே சுமப்பவர். மழை பெய்யாததற்குக்கூடத் தன்னைத்தான் கேள்வி கேட்பார்கள் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டிருப்பார்.

அத்தைக்கு அப்போது இருபது வயது. காரமடையிலிருந்து ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளைக்குத் தோட்டம் இருந்தது, இரண்டு கிணறு இருந்தது, பம்புசெட்டு இருந்தது. மூன்று குழந்தைகளும் இருந்தன. மனைவி தவறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். பெண் வந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அம்மா மட்டும், இரண்டாந்தாரமாயிற்றே என்று மெதுவாக இழுத்தாள். அப்பாவிடம் அதற்குப் பதில் தயாராக இருந்தது. தொண்டாமுத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கும் தன் அக்காவும், அதாவது என் பெரிய அத்தையும், இரண்டாந்தாரமாகப் போனவள்தானே, ராணி மாதிரி இல்லையா என்றார். பெரிய அத்தை அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். பெண் பார்க்கும் சடங்கை எடுத்து நடத்த அப்பாதான் வரவழைத்திருந்தார். தோட்டத்துக்குள் புகுந்த யானையைத் தகரத்தைத் தட்டியே மலைக்குத் திருப்பி அனுப்பியவர் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. எனக்கு யானையைவிட அவரிடம்தான் பயம். அப்பா ராணி என்று சொன்னபோது பெரிய அத்தை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

சின்ன அத்தை எதிர்த்துப் பேசவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பெண்கள் அண்ணனை எதிர்த்துப் பேசியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒருநாள் அடுப்படியில் அம்மாவிடம் அவள் சொன்ன ஒரே ஒரு வாக்கியம் என் காதில் விழுந்தது. அண்ணியை நங்கையா என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

"நங்கையா, அவங்க மூத்த புள்ள என்னையவிட ஏழு வயசுதான் எளசாமுங்க."

அம்மா அடுப்பு மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். எனக்கு அந்தப் பேச்சில் கவலைப்பட என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. விளையாட ஆள் கிடைக்கும் வீட்டுக்குத்தானே அத்தை போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி விரிப்புக்கு வருகிறேன். ஆலையில் தீபாவளிக்குக் கொடுத்த வெள்ளைத் துணியில் அத்தை ஒரு கட்டில் விரிப்பு தைத்திருந்தாள். நான்கு மூலையிலும் நான்கு கிளிகள், சுற்றிலும் பச்சைக் கொடி. ஒரு வருஷத்து வேலை. பெண்ணின் கைவேலையை வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக, ஆசாரத்தில், அதாவது எங்கள் வீட்டு முன்கூடத்தில், கட்டிலைப் போட்டு அதன்மேல் அந்த விரிப்பை விரித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் உட்காரப்போகும் இடம் அது. வியாழக்கிழமை மாலையே விரித்தாகிவிட்டது. அப்போதிலிருந்து அந்தக் கட்டிலை நான் நெருங்கக்கூடாது என்று தடை. எனக்கு அப்படி ஒரு பெயர். போன பொங்கலுக்கு அப்பாவின் புதுச் சட்டையில் மைக்கூட்டைக் கவிழ்த்தவள் நான்தான்.

வெள்ளிக்கிழமை. ராகு காலம் கழிந்து பன்னிரண்டு மணிக்கு மேல் காரில் வருவதாக ஏற்பாடு. என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அப்பா ஆலைக்குப் போகவில்லை. காலையிலிருந்தே வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஒரு கொறையும் வந்தரக்கூடாது, சொல்லிப்போட்டேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்தார்.

பலகாரத்துக்கு எண்ணெய்ச்சட்டி ஏறிவிட்டதால் வீட்டு ஆட்களுக்கு அரிசியும் பருப்பும்தான். அரிசி, பருப்பு, மஞ்சள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒரே பானையில் வேகவைத்து நெய் ஊற்றிக் கொடுத்துவிடுவது. எங்கள் பக்கத்தில் அவசரத்துக்கு அதுதான் சமையல். அம்மா என் தட்டில் போட்டு, ஓர் ஓரமாக உட்கார்ந்து தின்னச் சொன்னாள். அடுப்படி முழுக்கப் புகை. அப்பா பால்காரரைப் பார்க்க வெளியே போயிருந்தார். பெரிய அத்தை புழக்கடையில் எலுமிச்சை மரத்தடியில் இருந்தார். ஆசாரத்தில் ஒருவரும் இல்லை.

நான் என்ன நினைத்துக்கொண்டு போனேன் என்பது இன்றும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மாவாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான். கட்டிலில் ஏறி, நட்ட நடுவில் சம்மணம் போட்டு, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, குரலைக் கனமாக்கி, பெண்ணைக் கூப்பிடுங்கள் என்று சுவருக்குக் கட்டளையிட்டேன். சுவர் அடங்கி இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. இன்னொரு முறை சொல்ல வாயைத் திறந்தபோது வாசலில் அப்பாவின் சைக்கிள் மணி அடித்தது.

எழுந்திருக்கத்தான் நினைத்தேன். முழங்கால் தட்டில் இடித்தது. பாதிச் சோறு விரிப்பில் கொட்டியது.

அள்ளி மறுபடியும் தட்டில் போட்டேன். தட்டைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். விரிப்பின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளும் நெய்யும் ஊறி நின்றன. அப்பா வாசலில் யாரோடோ பேசுவது கேட்டது. பேச்சு முடிவதற்குள் கறை போக வேண்டும். கறை என்றால் சோப்பு. அதுவரை எனக்குத் தெரிந்த உலகத்தில் இதற்கு மறுப்பு இல்லை. கிணற்றடிக்கு ஓடி ஒரு சொம்புத் தண்ணீரும் சலவைக்கட்டியும் எடுத்து வந்தேன்.

தண்ணீரைத் தெளித்துச் சோப்பை வைத்து ஒரு தேய் தேய்த்தேன். மஞ்சள் சிவந்தது.

முதலில் என் கண்ணைத்தான் சந்தேகித்தேன். இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். இன்னும் சிவந்தது. சோப்பு போதவில்லை என்று முடிவு செய்து, திரும்ப ஓடிப்போய் அம்மா அழுக்குத் துணி ஊறவைக்கும் சலவைச் சோடாவையும் ஒரு கை அள்ளி வந்து போட்டேன். சோடா பட்டதும் அந்த இடம் முழுக்க ரத்தமாகிவிட்டது. ரத்தம் என்றுதான் நான் நினைத்தேன். துணிக்கு ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன், அதற்கு எங்கோ காயம் பட்டுவிட்டது என்று நினைத்தேன். என் விரல் நுனிகளும் சிவந்திருந்தன. அழுகை தொண்டை வரை வந்தது. அழுதால் சத்தம் கேட்குமே என்ற பயத்தில் அது அங்கேயே நின்றுவிட்டது.

கிளி போட்ட தலையணை ஒன்று இருந்தது. அதை எடுத்துக் கறையின்மேல் வைத்தேன். சொம்பையும் சோப்பையும் கிணற்றடியில் போட்டுவிட்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அங்கிருந்து ஓடிவிட்டிருக்கலாம். ஓடினால் தலையணை நகர்ந்துவிடும் என்று தோன்றியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அது நகராது என்று ஒரு நம்பிக்கை.

சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் நகர்வதை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். அப்பா உள்ளே வந்தார், போனார். அம்மா ஜமுக்காளத்தை உதறி விரித்தாள். ஒவ்வொருவர் கடக்கும்போதும் என் முதுகு சுவரோடு இன்னும் கொஞ்சம் ஒட்டியது. மாப்பிள்ளையின் தாயார் வருவார், தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார், எழுந்து நின்று சீ என்பார், எல்லோரும் காரில் ஏறிப் போய்விடுவார்கள், அத்தைக்கு இனிமேல் கல்யாணமே ஆகாது. இதை நான் பத்துத் தடவையாவது மனதுக்குள் பார்த்து முடித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் காரின் நிறம் மட்டும் மாறியது.

பதினொன்றரை மணி இருக்கும். பெரிய அத்தை புழக்கடையிலிருந்து வந்தார். தாம்பாளத்தில் வைக்க இரண்டு எலுமிச்சம்பழம் பறித்து ஒரே கையில் பிடித்திருந்தார். அவர் பின்னாலேயே அப்பாவும், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தார். தலையணை நடுக்கட்டிலில் கிடப்பது பெரிய அத்தைக்குப் பொறுக்கவில்லை. தலைமாட்டில் வைப்பதற்காக அதை எடுத்தார்.

அப்பா ஒரு கணம் பார்த்தார். பார்த்ததும் முகத்தைத் திருப்பிச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்து நான் கண்களை இறுக்கிக்கொண்டேன். கத்தவில்லை. திறந்து பார்த்தால் அவருடைய காது மடல் சிவந்திருந்தது. அப்பா வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

பெரிய அத்தை குனிந்தார். ஈரத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை தேய்த்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, பின்னால் போயிருந்த என் இரண்டு கைகளும் எங்கே என்று தேடுவதுபோல் தோளைப் பார்த்தார். அதன்பின் அடுப்படி வாசலைப் பார்த்தார். அங்கே சின்ன அத்தை பாதி பின்னிய சடையோடு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், கையில் மல்லிகைச் சரத்தோடு அம்மா.

"என்னம்மணி இது?" என்று பெரிய அத்தை கேட்டார்.

சின்ன அத்தை கட்டிலருகே வந்தாள். கறையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். நாக்கு அசையவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு, அக்காவுக்கு மட்டும் கேட்கிற குரலில், ஆனால் சுவரைப் பார்த்து நின்ற அண்ணனுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எனக்குத்தானுங்கக்கா. காத்தால இங்க உக்கோந்து நூலு வெட்டிக்கிட்டு இருந்தனுங்க. கழுவிப் பார்த்தேன், போகல. சொல்லறக்கு வெக்கமா இருந்துச்சு."

அவளுக்கு எதுவும் ஆகவில்லை. அவள் கழுவவில்லை. காலையில் அவள் கட்டிலில் உட்காரவே இல்லை. அத்தை பொய் சொல்கிறாள். எனக்காகச் சொல்கிறாள்.

பெரிய அத்தை கொஞ்ச நேரம் தங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். எலுமிச்சம்பழங்கள் அவர் கையில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. பிறகு அப்பாவைப் பார்த்து, "தம்பி, இன்னைக்கு ஆகாது. புள்ள தூரமாயிட்டா" என்றார்.

தூரம் என்றால் எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாதத்தில் மூன்று நாள் அம்மாவோ அத்தையோ புழக்கடைக் கொட்டகையில் தனியாகப் பாய் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத் தொடக்கூடாது. ஏன் என்று கேட்டால் காக்காய் தொட்டுவிட்டது என்பார்கள். எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லப்படும் அதே கதைதான். ஜன்னல் சாத்திய வீட்டுக்குள் காக்காய் எப்படி வந்தது, வந்த காக்காய்க்கும் விரிப்பில் சிவப்புக்கும் என்ன சம்பந்தம் என்பதெல்லாம் எனக்குப் புரியவில்லை. அந்த நேரத்தில் காக்காயின்மேல் எனக்கு ஒரு நன்றிதான் வந்தது.

அப்பா லேசில் விடவில்லை. கார் கிளம்பியிருக்குமே என்றார். ஒரு மணி நேரம்தானே, தள்ளி நின்று வணங்கிவிட்டுப் போனால் யாருக்குத் தெரியப்போகிறது என்று சுவரிடமே கேட்டார். பெரிய அத்தை குரலை உயர்த்தவில்லை.

"வெளக்கு முன்னால அப்பிடி நிறுத்துவியா தம்பி? நாளைக்கு அந்த ஊட்டுல ஒண்ணு ஆச்சுன்னா ஆரு பதில் சொல்லறது? நீ சொல்லுவியா?"

அப்பா சுவரை விட்டுத் திரும்பினார். இஸ்திரி போட்ட சட்டையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு, மேட்டுப்பாளையம் ரோட்டில் காரை நிறுத்தித் திருப்பி அனுப்பக் கிளம்பினார். வெயிலில் அவர் முதுகு சிறுத்துக்கொண்டே போனதை வாசலில் நின்று பார்த்தேன். நான் பண்ணிய வேலைக்கு அப்பா போய்த் தலைகுனியப்போகிறார் என்று நினைத்தபோதுதான் தொண்டையில் நின்ற அழுகை வெளியே வந்தது.

பெரிய அத்தை என் தோளைப் பிடித்து உள்ளே திருப்பினார்.

"கண்ணு, போயி மொதல்ல கையக் கழுவு."

அவ்வளவுதான் சொன்னார். பெரியவர்கள் எப்போதும் கையைக் கழுவு, காலைக் கழுவு என்று சொல்லிக்கொண்டேதானே இருப்பார்கள். போய்க் கழுவினேன். சாயங்காலம் ஞாபகம் வந்து பதறியடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தால் தட்டு அங்கே இல்லை. அடுப்படியில் மற்றத் தட்டுகளோடு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. யார் எடுத்தார்கள் என்று யோசிக்கத் தோன்றவில்லை. தப்பித்தேன் என்றுதான் தோன்றியது.

சின்ன அத்தை விரிப்பைச் சுருட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். மூன்று நாள் அங்கேயே இருந்தாள். சாப்பாடு கொண்டுபோய் எட்ட வைக்கும் வேலை என்னுடையது. எனக்காகத் தண்டனை அனுபவிக்கிறவளைப் பார்க்க எனக்குக் கால் கூசியது. ஆனால் அவளைப் பார்த்தால் தண்டனை அனுபவிப்பவள்போலத் தெரியவில்லை. பாயில் காலை நீட்டிக்கொண்டு பழைய வாரப்பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் வைத்த சோறு போதாமல் இன்னும் கேட்டு வாங்கினாள். அத்தை எனக்காகச் சிரித்த முகமாக இருக்கிறாள், நான் வருத்தப்படக்கூடாதாம் என்று எண்ணி நான் கூடுதலாக வருத்தப்பட்டேன்.

இரண்டாம் நாள் தாங்கமுடியாமல், எட்ட நின்றபடியே, நான்தான் அத்தை கொட்டினேன் என்று சொல்லிவிட்டேன்.

அவள் பத்திரிகையைக் கீழே வைத்தாள். "தெரியுங்கண்ணு. நீ ஆருகிட்டயும் சொல்லிப்போடாத. செத்தாலும் சொல்லிப்போடாத" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உன்னையத் தொடலாம்னா இப்பவே தூக்கி ஒரு சுத்து சுத்துவேன்" என்றாள்.

மூன்றாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு அவளே விரிப்பை அலசினாள். சோப்பு போடவில்லை. வெறும் தண்ணீரில் நன்றாக அலசிப் போட்டதும் சிவப்பு போய்ப் பழைய மஞ்சள் வந்துவிட்டது. அதைக் கல்மேல் வெயில் படும்படி விரித்து நான்கு மூலைக் கிளிகள்மேலும் நான்கு கற்களை வைத்தாள். மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து, சோப்பைக் காட்டினால் அதற்குக் கோபம் வந்து சிவந்துவிடும் என்று என்னிடம் சொன்னாள். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். மஞ்சள் இருந்த இடமே தெரியவில்லை. துணி மன்னித்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் காரமடையிலிருந்து வந்த சேதி என்னை மன்னிக்கவில்லை.

முதல் முறை கிளம்பியபோதே தடங்கல், வழியிலேயே கார் திரும்பியது, சகுனம் சரியில்லை, வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு வாரத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா பல நாள் யாரோடும் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒன்றும் அமையவில்லை. விருந்தாளிகள் யாராவது வந்து, இந்தப் பெண்ணுக்கு இன்னும் ஆகவில்லையா என்று கேட்டால் நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவேன். நான் கொட்டிய ஒரு கவளம் சோறு அத்தையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அத்தை அவ்வப்போது பாட்டு முனகிக்கொண்டு பூ கட்டுவதைப் பார்க்கும்போது, பாவம், எப்படி மறைக்கிறாள் என்று நினைப்பேன்.

மூன்றாம் வருஷம் கவுண்டம்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவருக்கு அவளைக் கொடுத்தார்கள். மாமாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. பேச்சு குறைவு. சிரிப்பு வந்தால் மட்டும் அடக்கத் தெரியாது. கல்யாணத்தன்று மணமக்களுக்கு ஆரத்தி எடுக்கப் பெரிய அத்தை தட்டில் தண்ணீர் ஊற்றினார். நான் பக்கத்தில் வெற்றிலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீரில் மஞ்சள்பொடியைக் கரைத்தார். பிறகு தன் வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை சுண்ணாம்பை எடுத்து அதில் கலக்கினார். தண்ணீர் ஒரே நொடியில் ரத்தச் சிவப்பாகிவிட்டது.

நான் தட்டை நழுவவிடப் பார்த்தேன். ஆரத்தி எத்தனையோ பார்த்திருக்கிறேன், கரைக்கும்போது பார்த்ததில்லை. குங்குமம் கரைப்பார்கள் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். பெரிய அத்தை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன கண்ணு, இப்பத்தான் பார்க்கறியா?" என்றார். தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று எனக்குப் பாதிதான் புரிந்தது. பெரிய அத்தைக்கு அது மஞ்சள் என்று தெரிந்திருக்கிறது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. தட்டை எடுத்துக் கழுவியது அவளாகத்தான் இருக்க வேண்டும். ஆரத்தி கரைத்த கைக்கு, மஞ்சள் பூசிக் குளித்துக் கட்டிய சேலையைத் துவைத்த கைக்கு அது தெரியாமல் இருக்குமா? அப்பா ஒருவர்தான் அந்த வீட்டில் ஒன்றும் கரைத்ததில்லை, ஒன்றும் துவைத்ததில்லை. என்னை அடியிலிருந்து காப்பாற்ற மூன்று பெண்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பன்னிரண்டு வயதில் நெகிழ்ந்துபோனேன். எல்லாமே எனக்காக நடந்தது என்று எண்ணும் வயது.

மீதிப் பாதி புரிய எனக்கே ஒரு குழந்தை பிறக்க வேண்டியிருந்தது. மகன் சாம்பாரைக் கொட்டிய தலையணை உறையைச் சோப்பில் போட்டுவிட்டு, அது சிவந்ததும் பழைய பயத்தில் நான் நின்றபோது, பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார். இதற்கா இப்படி நிற்கிறாய் என்று சொல்லிக்கொண்டே ஓர் எலுமிச்சம்பழத்தை அறுத்து வந்து அதன்மேல் பிழிந்தார். பிழிந்த கையோடு சிவப்பு ஓடிப்போய் வெறும் மஞ்சளாகிவிட்டது. சோற்றுக்கறை. யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத சாதாரணச் சோற்றுக்கறை.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெரிய அத்தை அப்போது உயிரோடு இல்லை. பதினாறு வயதில் இரண்டு குழந்தைகளுக்குத் தாயாக ஒரு வீட்டுக்குள் போனவர். அப்பா ராணி என்று சொன்னபோதெல்லாம் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டவர். அந்த வெள்ளிக்கிழமை கார் வர அரைமணி நேரம் இருந்தது. அவர் கையில் இரண்டு பழம் இருந்தது. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனபின், தாம்பாளத்தில் வைக்க வேண்டிய அந்தப் பழங்களை அவர் தன் மடியில் போட்டு இறுக்கி முடிந்துகொண்டதை நான் பார்த்தேன். எதற்காக அவ்வளவு இறுக்கி முடிகிறார் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.